பழைய கிளாஸில் அளந்த ஆறு வருட மழை

போன மாதம் கல்லூரியிலிருந்து மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். இயற்பியல் ஒருவர், தாவரவியல் ஒருவர், வணிகவியல் ஒருவர். மூன்று துறைக்காரர்கள் ஒரே காரில் வந்து இறங்கியதே எனக்கு ஆச்சரியம். என் காலத்தில் அவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கூட நான் பார்த்ததில்லை. தட்பவெப்ப மாற்றத்தைப் பற்றி ஏழு துறைகள் சேர்ந்து ஒரு படிப்பு தொடங்கப் போகிறார்களாம். ஆண்டு மலரில் பழைய ஆள் ஒருவர் எழுதினால் நன்றாயிருக்கும் என்று யாரோ சொல்ல, உயிரோடு இருப்பவர்களில் மிகப் பழையவன் நான்தான் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"எல்லா டிபார்ட்மென்டும் சேர்ந்து இப்படி ஒண்ணு பண்றது நம்ம காலேஜில இதுதான் சார் ஃபர்ஸ்ட் டைம்" என்றார் அவர்களில் இளையவர்.

இரண்டாவது தடவை என்று திருத்தினேன். முதல் தடவை என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் என்னிடம் வந்திருக்க மாட்டார்கள். நாலு பக்கம் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அந்தக் கல்லூரியில் நான் இருபத்தைந்து வருடம் நாலு மாதம் வேலை பார்த்தேன். இயற்பியல் துறையில் அட்டெண்டர். பெஞ்சு துடைப்பது, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது, பையன்கள் லென்ஸைத் திருடாமல் பார்த்துக்கொள்வது, எல்லாவற்றுக்கும் மேலாக மழைமானி. எழுபதுகளின் கடைசியில் நான் சேர்ந்தபோது அந்த மழைமானியை யாரும் சீண்டுவதில்லை. எங்கள் துறைத்தலைவர் மரியதாஸ் சார்தான் அதை என் தலையில் கட்டினார். பயிற்சி மூன்று நாள். அந்த மூன்று நாளையும் இன்றைக்கும் என் முழங்கால் மறக்கவில்லை.

மரியதாஸ் சாருக்குப் பாளையங்கோட்டைப் பக்கம். எங்கள் ஊருக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் பேச்சு மாறவில்லை. எண்ணைச் சொல்லி அலகைச் சொல்லாவிட்டால் கையிலிருக்கும் பென்சிலால் மேஜையை இரண்டு தட்டு தட்டுவார். கேன்டீனில் "ரெண்டு குடுப்பா" என்று ஒருவர் கேட்டபோதும் பென்சில் தட்டியவர் அவர்.

முறை இதுதான். காலை எட்டரை. எட்டு இருபத்தொன்பதும் கூடாது, முப்பத்தொன்றும் கூடாது. துறை வாசலிலிருந்து மழைமானிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி வைக்க வேண்டும். பூட்டைத் திறந்து, மேலே உள்ள புனலைத் தூக்கி, உள்ளே இருக்கும் பாட்டிலை எடுத்து, அதிலுள்ள தண்ணீரைச் சொட்டுச் சிந்தாமல் அளவுக் கிளாஸில் ஊற்ற வேண்டும். கிளாஸின் மேல் மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும். அதைச் சமமான கல்மேல் வைத்து, முழங்கால் போட்டு, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வளைந்திருக்கும் தண்ணீரின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சிறு நோட்டில் பென்சிலால் எழுதி, துறைக்குத் திரும்பிப் பெரிய ரிஜிஸ்டரில் மையால் எழுத வேண்டும். ஞாயிறு, தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் உண்டு.

மழை பெய்யாத நாளில் நான் ஒருமுறை கட்டத்தைக் காலியாக விட்டேன். சார் பென்சிலைத் தட்டினார்.

"என்னவே இது?"

"மழ இல்லீங்க சார்."

"காலியா விட்டா நீரு வரலன்னு அர்த்தம்வே. பூஜ்யம் போட்டாத்தான் மழை வரலன்னு அர்த்தம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம இங்க என்னத்தைத் துடைக்கீரு?"

அதற்குப் பிறகு நான் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் ரோட்டுக்கு வந்து பஸ் நின்றுபோன நாட்களில் பதினொரு மணிக்கு அளந்து, குறிப்புக் கட்டத்தில் "தாமதம், யானை" என்று எழுதியிருக்கிறேன். மொத்தம் மூன்று இடம். தணிக்கைக்கு வந்தவர் ஒருவர் அந்த மூன்றுக்கும் விளக்கம் கேட்டார்.

ஏழு வருடம் இப்படி ஓடியது. ஒருநாள் காலை இருநூற்றுப் பன்னிரண்டாவது அடியில் நின்று பார்த்தால் மழைமானியைக் காணோம். அது செம்பில் செய்தது. எந்தப் பாத்திரக் கடையில் உருகியதோ. அளவுக் கிளாஸ் மட்டும் துறை பீரோவில் இருந்ததால் தப்பியது. நாற்பத்தொரு நாள் மானி இல்லாமல் ரிஜிஸ்டரில் கோடு கோடாகப் போட்டேன். பிறகு பலகைப் பெட்டியில் வைக்கோல் சுற்றிப் புது மானி வந்தது. சிவப்பு மையில் "இன்று முதல் புது மானி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரியில் எந்தப் பெட்டி வந்தாலும் ஸ்டோரில்தான் உடைப்பார்கள். அங்கே ஒரு வழக்கம். கருவி என்றால் இயற்பியல் கணக்கு. கண்ணாடி என்றால் வேதியியல் கணக்கு. ஒரே பெட்டியில் வந்தாலும் அப்படித்தான். புனலும் பாட்டிலும் வெளிக்கூடும் எனக்கு வந்தன. கூடவே வந்த புது அளவுக் கிளாஸ் வேதியியல் ஸ்டோருக்குப் போனது. அது போவதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏனென்றால் வேதியியல் ஸ்டோருக்குப் பொறுப்பு நஞ்சுண்டப்பா. நானும் நஞ்சுண்டப்பாவும் பேசுவதில்லை.

அதற்கு முந்தைய மாதம் செய்முறைத் தேர்வில் ஒரு பீக்கர் உடைந்தது. ஐந்நூறு மில்லி பீக்கர். நான்தான் இடித்தேன் என்று அவர் உடைப்புப் பதிவேட்டில் எழுதினார். அவர் மேஜை ஓரத்தில் வைத்ததுதான் காரணம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான். காலையில் ஒரே பஸ்ஸில் வருவோம். அவர் முன் வாசல், நான் பின் வாசல்.

கிளாஸ்தான் நம்மிடம் பழையது இருக்கிறதே, மில்லிமீட்டர் எங்கே போனாலும் மில்லிமீட்டர்தானே என்று நினைத்தேன். படிக்கட்டு, பெஞ்சு, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் எண்ணுகிற நான், அந்தக் கிளாஸின் அடியில் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை.

ஆறு வருடம் போனது. தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. பூமி சூடாகிறது என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்திருந்த நேரம். எல்லாத் துறைகளும் கூடி இதைப் பற்றி ஏதாவது செய்யுங்கள் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் கல்லூரி முதல்வருக்கு அது கல்யாண அழைப்பு மாதிரி. அவர் எதைச் சொன்னாலும் முன்னால் "வரலாறு காணாத" என்று சேர்ப்பவர். வரலாறு காணாத விளையாட்டு விழா, வரலாறு காணாத கழிவறை. புது மானி வந்த அதே வருடம் அவர் வளாகத்தில் நானூறு மரக்கன்று நட்டிருந்தார். அதில் நூற்று முப்பத்தேழு பிழைத்திருந்தன. எண்ணியது நான்.

என் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார்கள். முதல் ஏழு வருட மழையையும் கடைசி ஆறு வருட மழையையும் ஒப்பிட்டார்கள். கிட்டத்தட்ட இரட்டிப்பு.

முதல்வர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். மரம் நட்டோம், மழை இரண்டு மடங்கானது. ஒரு கருத்தரங்குக்கு ஐந்து துறைகள் ஐந்து கட்டுரை எழுத வேண்டும் என்று உத்தரவானது. மரத்தால் மழை வந்தது என்று தாவரவியல் எழுதியது. காற்றின் ஈரத்தைப் பற்றி வேதியியல் எழுதியது. இந்தச் சீமையில் பழைய ராஜாக்கள் ஏரி வெட்டியதற்கும் முதல்வர் குழி வெட்டியதற்கும் உள்ள ஒற்றுமையை வரலாறு எழுதியது. தமிழ்த்துறை முதல்வரை மேகத்துக்கு ஒப்பிட்டு இருபத்துநாலு வரிப் பாட்டு எழுதியது. பொருளாதாரம் மட்டும் பாக்கி.

என்னையும் முதல்வர் கூப்பிட்டார். "கோவிந்தராஜ், பதிமூணு வருஷமா நீங்க அட்டெண்டராவே இருக்கீங்க. கருத்தரங்கு மேடையிலே உங்களுக்குப் பொன்னாடை. அன்னைக்கே லேப் அசிஸ்டெண்ட் ப்ரமோஷனுக்கு ரெகமென்ட் பண்ணி ஃபைலை அனுப்பிடறேன். பாருங்க, டைப் ஆயிடுச்சு." ஃபைலைத் திருப்பிக் காட்டினார். என் பெயர் சரியான எழுத்துகளில் இருந்தது. பதிமூன்று வருடத்தில் என்னைத் தாண்டி நாலு பேர் லேப் அசிஸ்டெண்ட் ஆகியிருந்தார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் அது சந்தோஷத்தால்.

பொருளாதாரத்தில் சரோஜினி மேடம் கிருஷ்ணகிரிக்காரர். மழை இரட்டிப்பானால் தீவனம் பெருக வேண்டும், சந்தையில் மாடு விற்க வருவது குறைய வேண்டும், அதை எண்ணிக் கட்டுரையாக்கலாம் என்று அவருக்கு யோசனை. எண்ணுவதற்கு ஆள் வேண்டும். என்னைக் கேட்டார். குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போனோம்.

முதல் இருநூறு மாடு வரை உற்சாகமாக எண்ணினேன். அதற்குமேல் எண்ணிக்கையோடு மாட்டையும் பார்க்க ஆரம்பித்தேன். முந்நூற்றுப் பதினெட்டு. பாதிக்கு மேல் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தன. இரண்டு எருதுகளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவரிடம் மேடம் பேச்சுக் கொடுத்தார்.

"எதுக்குங்க ரெண்டையும் விக்கிறீங்க?"

"வைக்கோலு ஏதும்மா? ஏரி காஞ்சி நாலு வருசமாவுது."

"எங்க காலேஜிலே அளந்து பாத்ததுல மழை ரெண்டு மடங்காயிருக்குதுங்க."

அவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டு, "டேய் மாதப்பா, இன்னா சொல்றாங்க கேட்டியா?" என்றார். பிறகு மேடத்திடம், "அப்டீன்னா அந்தக் காலேஜத் தூக்கினு வந்து எங்க ஏரிக்குள்ள வைங்கம்மா. புண்ணியமாப் போவும்" என்றார்.

மாதப்பன் சிரித்தான். எருதும் தலையை ஆட்டியது. திரும்பும் பஸ்ஸில் மேடம் மெதுவாகக் கேட்டார்: "கோவிந்தராஜ், மாடு பொய் சொல்லுமா?"

மறுநாள் காலை மரியதாஸ் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, பென்சிலையும் தட்டவில்லை. வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு என்னோடு இருநூற்றுப் பன்னிரண்டு அடியும் நடந்தார். புல்லில் முழங்கால் போட்டு மானியின் வாயை மூன்று இடத்தில் அளந்தார். பழைய கிளாஸைத் தலைகீழாகத் திருப்பி அது எவ்வளவு பெரிய வாய்க்கான கிளாஸ் என்று அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். ஒரு காகிதத்தில் பெருக்கிப் பார்த்தார். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"பழைய மானிக்கு வாய் சின்னது. புதுசுக்கு வாயோட பரப்பு அதைப் போல ரெண்டு மடங்கு. வாய் பெருசானா தண்ணியும் ரெண்டு பங்கு விழும்வே. சின்ன வாய்க்குக் கோடு போட்ட கிளாஸ்ல அதை ஊத்துனா எவ்வளவு காட்டும்?"

"இரட்டிப்பு, சார்."

"எத்தனை மாசத் தாள்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்?"

"எழுபத்திரண்டு, சார்."

"அலகைக் கேட்டேன். வாயைக் கேக்கல" என்றார். "இதோட கிளாஸ் எங்கவே?"

சொன்னேன். பீக்கர் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

வேதியியல் ஸ்டோரில் நஞ்சுண்டப்பா சாவிக்கொத்தோடு எழுந்து நின்றார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். "இதெ சார், இருக்கு. பெட்டியில வந்த மாதிரியே வெச்சிருக்கேன். ஆறு வருஷம், ஒரு கீறல் கிடையாது" என்று வைக்கோலைப் பிரித்துக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. புதுக் கிளாஸ் பழையதைவிடத் தடியாக, பளபளவென்று இருந்தது.

"இது எதுக்குன்னு யாரும் கேக்கலியாவே?"

"கேக்கிறவங்க கேக்கணும் சார். நான் எதுக்குக் கேக்கணும்? அவர்கிட்ட சொல்லுங்க, இண்டென்ட் ஃபார்ம் மூணு காப்பி போட்டா எடுத்துக்கலாம்." அவர் என்றது ஒன்றரை அடி தள்ளி நின்ற என்னை.

அன்று மதியமே நானும் சாரும் முதல்வரிடம் போனோம். மரியதாஸ் சார் மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தார். முதல்வர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அச்சாகி வந்திருந்த மலரைப் பார்த்தார். முந்நூறு பிரதி, அட்டையில் மழை.

"மரியதாஸ், பெங்களூர்லேர்ந்து வானிலை ப்ரொபசர் அம்மா வர்றாங்க. நாளன்னிக்குக் கருத்தரங்கு. முடியட்டும். அப்புறமா சாவகாசமா திருத்திக்கலாம்." என் பக்கம் திரும்பினார். "கோவிந்தராஜ், உங்க ஃபைலும் நாளன்னிக்குத்தான் போகுது. யோசிச்சுக்குங்க."

வெளியே வந்ததும் சார் கேட்டார்: "நான் சொல்லட்டுமா, நீரு சொல்லுதீரா? நான் சொன்னா உம்ம ஃபைலுக்கு ஒண்ணும் ஆவாதுவே."

அதில்தான் எனக்குச் சிக்கல். சார் சொன்னால், பதிமூன்று வருடம் எழுதியவனின் கணக்கை மேலதிகாரி பிடித்தார் என்று ஆகும். யாரும் சொல்லாவிட்டால், நான் மையால் எழுதிய எண்கள் அப்படியே புத்தகத்துக்குப் போகும். நான் லேப் அசிஸ்டெண்ட் ஆவேன். ஒவ்வொரு நாளும் எட்டரைக்கு முழங்கால் போட்டதற்கு இது கூலியா என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தேன். வீட்டில் சொன்னேன். "நாலு பேர் உங்களத் தாண்டிப் போனப்ப வாயைத் தொறக்கல, இப்ப எதுக்குத் தொறக்கறீங்க?" என்றாள் என் மனைவி.

கருத்தரங்கு அன்று கூடத்தில் இருநூற்றறுபது நாற்காலி. ஒன்பது காலி. தமிழ்த்துறைப் பாட்டை நிறைவுக்கு வைத்துவிட்டு மற்ற மூன்று கட்டுரையும் வாசிக்கப்பட்டன. நாலாவதாக சரோஜினி மேடம் எழுந்து, சந்தையில் எண்ணிய முந்நூற்றுப் பதினெட்டு மாட்டையும் சொல்லி, "இந்த மழை எங்கே போச்சுன்னு எனக்குத் தெரியல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்தார். சலசலப்பு. முதல்வர் அவசரமாக மைக்கைப் பிடித்து என் பெயரைக் கூப்பிட்டார். பொன்னாடை போர்த்தினார்கள்.

நான் பழைய கிளாஸைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். புதுக் கிளாஸ் இல்லை. மூன்று காப்பி இண்டென்டில் ஒரு கையெழுத்து இன்னும் வரவில்லை. பழைய கிளாஸை மேஜைமேல் வைத்து, "இது தப்பான கிளாஸுங்க" என்றேன்.

அப்போது கூடத்தின் பின்பக்கத்திலிருந்து நஞ்சுண்டப்பா நடந்து வந்தார். இரண்டு கையிலும் புதுக் கிளாஸ், குழந்தையைத் தூக்குவது போல. இண்டென்ட் முடியாததால் ஸ்டோர் பொருளை வேறு ஆளிடம் கொடுக்க முடியாதாம். அதனால் தானே கொண்டுவந்திருந்தார். மேடையேறி அதைப் பழையதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆறு வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"உடைச்சிடாதேப்பா."

மேடையில் குடிக்க வைத்திருந்த தண்ணீரைப் புதுக் கிளாஸில் பத்தாவது கோடு வரை ஊற்றினேன். அதே தண்ணீரைப் பழைய கிளாஸில் கொட்டினேன். இருபதில் நின்றது. ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் சிரித்தார், பிறகு முழுக் கூடமும். முதல்வர் மட்டும் சிரிக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னேன். ஸ்டோர் வழக்கத்தைச் சொன்னேன், பீக்கரையும் சொன்னேன். "நான் இடிச்சதுதாங்க" என்று சொன்னபோது நஞ்சுண்டப்பா மேடை ஓரத்தில், "நானும் ஓரத்துலதான் வெச்சிருந்தேன்" என்று முணுமுணுத்தார்.

பெங்களூர் அம்மா எழுந்தார். "புது மானி வெச்ச தேதி தெரியுமா?"

ரிஜிஸ்டரைப் பிரித்துச் சிவப்பு வரியைக் காட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். யானை வந்த இடத்தில் நின்று சிரித்தார். "அப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. இந்தத் தேதிக்கு அப்புறம் எல்லாத்தையும் பாதியாக்குங்க." பிறகு ஓரத்தில் நான் பென்சிலால் சின்னதாக எழுதிவந்த எண்களைத் தொட்டார். "இது என்ன?"

"எத்தன நாள் மழ பேஞ்சுதுங்கறது மேடம். சும்மா, எனக்காக எண்ணுவேன்."

எந்தக் கிளாஸில் அளந்தாலும் நாள் இரண்டாகாது. அந்த எண்ணிக்கை பதிமூன்று வருடத்தில் ஒன்று இரண்டாகக் குறைந்து வந்திருந்தது. ஐந்து துறையும் அதைப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் பார்க்கவில்லை, எண்ணினேன், அவ்வளவுதான். "பதிமூணு வருஷம் பத்தாது" என்று முன்வரிசையிலிருந்து மரியதாஸ் சார் எச்சரித்தார். "பத்தாதுதான். ஆனா இதை வெச்சு ஆரம்பிக்கலாம்" என்றார் அந்த அம்மா. மாடு, ஏரி, மழை நாள் மூன்றையும் ஒன்றாக வைத்து அடுத்த வருடம் நிஜமாகவே ஒரு கட்டுரை வந்தது. தமிழ்த்துறைப் பாட்டு அன்றைக்கே வாசிக்கப்பட்டது. அச்சாகிவிட்டதே, என்ன செய்வது.

முந்நூற்றுச் சொச்சம் மழை நாட்களைச் சிவப்பு மையில் பாதியாக்க எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மரியதாஸ் சார் மறுபடி கையெழுத்துப் போட்டார். எழுபத்திரண்டும். என் ஃபைல் முதல்வரின் மேஜையில் கீழ் அடுக்குக்குப் போனது. நான் லேப் அசிஸ்டெண்ட் ஆனது நாலு வருடம் இரண்டு மாதம் கழித்து, அடுத்த முதல்வர் காலத்தில். அதற்குள் இன்னும் இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். நஞ்சுண்டப்பா பஸ்ஸில் பின் வாசலுக்கு மாறினார். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஓய்வு பெறும் வரை அந்தப் பீக்கரைப் பற்றியே பேசினார்.

போன மாதம் வந்த மூவரும் என்னைக் கல்லூரிக்கு அழைத்துப்போய் புது வானிலை நிலையத்தைக் காட்டினார்கள். யாரும் முழங்கால் போட வேண்டாம். தானே அளந்து தானே எழுதிக்கொள்கிறது. துறை வாசலிலிருந்து இப்போது இருநூற்று நாற்பது அடி. மானி நகரவில்லை, என் அடிதான் குறுகிவிட்டது. இது யார் ஸ்டாக் என்று கேட்டேன்.

"சென்சார் பிசிக்ஸ் சார். பேட்டரி கம்ப்யூட்டர் சயின்ஸ். கம்பம் மெயின்டனன்ஸ்" என்றார் இளையவர், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்ற குரலில்.

"சரி. அந்த மூணு ஸ்டோர்காரங்களும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறாங்களா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கிற இன்றுவரை பதில் வரவில்லை. இருபத்தாறு நாள் ஆகிறது.